குறிப்பெயரும் பெயரிடு மரபும்: நிரல் கருவிகளின் இயல்பிருப்பு விதிகள் குறித்த இலக்கண நோக்கு

ஆய்வுச்சுருக்கம்

கணினி நிரலில் இடப்படும் பெயர்கள் ஒரு குறிப்பிட்ட மரபின்படியே அமைய வேண்டும் என்பதை நிரல் கருவிகள், பயனர் கேளாமலேயே, தம் இயல்பிருப்பு நிலையில் வலியுறுத்தலாமா என்பது நிரலாளரிடையே நெடுநாளாக நிலவும் வினா. இவ்வினா பெரும்பாலும் வசதி, ஒழுங்கு, கூட்டுழைப்பு ஆகிய அளவைகளால் மட்டுமே ஆராயப்படுகிறது. பெயரிடு மரபுகள் பல உரோம எழுத்துமுறையின் தனி இயல்புகளை அடிப்படையாகக் கொண்டவை என்பதும், அவற்றைக் கட்டாயமாக்கும்போது தமிழ்ப் பெயர்கள் பிழையாகவே கொள்ளப்படுகின்றன என்பதும் போதிய கவனம் பெறவில்லை. தருமபுரி மாவட்டத்து ஊர்ப்பெயரான 'இண்டூர்' என்னும் சொல்லைச் சான்றாகக் கொண்டு இச்சிக்கலை விளக்கி, தமிழ் இலக்கணத்தின் வழு, வழாநிலை, வழுவமைதி என்னும் பாகுபாடு இதற்கு ஏற்ற தீர்வளவையாக அமைவதை இக்கட்டுரை நிறுவ முற்படுகிறது.

திறவுச்சொற்கள்: குறிப்பெயர், பெயரிடு மரபு, இயல்பிருப்பு, ஒருங்குறி, புள்ளி, மரபு வழு, வழுவமைதி, புணர்ச்சி

முன்னுரை

பெயரிடுதல் இலக்கணத்தின் தொடக்கப் பணிகளுள் ஒன்று. தொல்காப்பிய மரபியல், விலங்கு, பறவை, மரம் ஆகியவற்றின் இளமைக்கு உரிய பெயர்களையும் ஆண்பாற் பெண்பாற் பெயர்களையும் வரையறுக்கிறது. இன்னதை இன்ன பெயரால் வழங்குவது மரபு. அம்மரபு திரிந்தால் பொருள் வேறாகிவிடும் என்பது அவ்வியலின் அடிப்படைக் கருத்து. கணினி நிரலாக்கத்திலும் இதே கவலை வேறொரு வடிவில் எழுந்துள்ளது. பலர் கூடி எழுதும் நிரலில் பெயர்கள் ஒரே முறையில் அமையாவிட்டால் படிப்பவர் மயங்குவர். பிழைகள் மறைந்து நிற்கும். ஆகவே பெயரிடு மரபைக் கருவியே காக்க வேண்டும் என்பர் ஒரு சாரார். மரபு என்பது குழுவுக்குக் குழு மாறுவது. அதைக் கருவி கட்டாயப்படுத்துவது தகாது என்பர் மற்றொரு சாரார். இவ்விரு நிலைகளுக்கும் இடையே எழுத்துமுறை என்னும் மூன்றாவது கூறு உள்ளது. அதனைக் கருதாமல் இவ்வினாவுக்கு முழுமையான விடை காண இயலாது.

குறிப்பெயரும் அதன் மரபுகளும்

நிரலில் ஒரு மதிப்பைத் தாங்கும் மாறி, ஒரு பணியைச் செய்யும் செயற்கூறு, தரவின் வகையைக் குறிக்கும் தரவினம் ஆகியவற்றுக்கு நிரலாளர் இடும் பெயர் குறிப்பெயர் எனப்படும். குறிப்பெயரின் நடுவே இடைவெளி வருதல் கூடாது. எனவே இரண்டு சொற்களாலான பெயரை எழுத இரண்டு வழிகள் பெருவழக்காயின. ஒன்று, சொற்களுக்கு இடையே அடிக்கோடு இடுவது. மற்றொன்று, சொற்களை இடைவெளியின்றிச் சேர்த்து, அடுத்த சொல்லின் முதலெழுத்தைப் பேரெழுத்தாக்குவது. பின்னதை ஒட்டகத்தின் திமிலுக்கு ஒப்பிட்டுக் 'கேமல் கேஸ்' என்பர். மாறிகளுக்குச் சிற்றெழுத்துத் தொடக்கம், தரவினங்களுக்குப் பேரெழுத்துத் தொடக்கம் என வேறுபடுத்துவதும் பரவலான வழக்கு.

இம்மரபுகளுள் அடிக்கோட்டு முறை ஒன்றே எழுத்துமுறைச் சார்பற்றது. ஏனையவை, ஒரே எழுத்துக்குப் பெரியது, சிறியது என இரண்டு வடிவங்கள் உண்டு என்னும் முற்கோளின்மேல் நிற்பவை. உரோமம், கிரேக்கம், சிரில்லிக் முதலிய சில எழுத்துமுறைகளுக்கே அது பொருந்தும். தமிழ், தேவநாகரி, அரபு, சீனம் ஆகியவற்றில் அத்தகைய வேறுபாடு இல்லை.

வலியுறுத்தலின் மூன்று நிலைகள்

இன்று வழக்கிலுள்ள நிரல்மொழிகள் பெயரிடு மரபைக் காப்பதில் மூன்று நிலைகளை மேற்கொள்கின்றன.

முதலாவது, கூறி விடுதல். பைத்தான் மொழிக்கு 2001-இல் எழுதப்பட்ட நடைக் கையேடு, மாறிகளையும் செயற்கூறுகளையும் சிற்றெழுத்தும் அடிக்கோடும் கொண்டு பெயரிடுமாறு பரிந்துரைக்கிறது. ஆயின் அதை மீறிய நிரலையும் பைத்தான் எவ்விதக் குறிப்பும் இன்றி இயக்கும். மரபைச் சோதிக்க விரும்புவோர் அதற்கெனத் தனிக் கருவியை நிறுவிக்கொள்வர்.

இரண்டாவது, எச்சரித்தல். ரஸ்ட் மொழியின் நிரல்பெயர்ப்பி, மரபுக்கு மாறான பெயரைக் கண்டால் இயல்பிருப்பாகவே எச்சரிக்கை தரும். ஆனால் நிரலை மறுக்காது. நிரலாளர் தக்க காரணம் இருப்பின், அவ்விடத்துக்கு மட்டும் எச்சரிக்கையை விலக்கும் குறிப்பை நிரலிலேயே எழுதலாம்.

மூன்றாவது, மறுத்தல். இங்கு மரபு மொழியின் தொடரிலக்கணமாகவே ஆக்கப்பட்டுள்ளது. ஹாஸ்கெல் மொழியில் தரவினப் பெயர் பேரெழுத்தில் தொடங்கியே தீர வேண்டும். 2009-இல் கூகுள் நிறுவனம் வெளியிட்ட கோ மொழியில், ஒரு தொகுதியில் உள்ள பெயர் பிற தொகுதிகளுக்குப் புலப்பட வேண்டுமாயின் அது பேரெழுத்தில் தொடங்க வேண்டும். இல்லையெனில் அப்பெயர் தன் தொகுதிக்குள்ளேயே அடங்கும். இங்குப் பேரெழுத்து வெறும் அழகு அன்று, பொருளுடையது.

'இண்டூர்' என்னும் பெயர்

மேற்கண்ட மூன்று நிலைகளும் ஒரு தமிழ்ப் பெயரை எவ்வாறு எதிர்கொள்கின்றன என்பதை 'இண்டூர்' என்னும் ஊர்ப்பெயரைக் கொண்டு ஆராயலாம். தமிழ் இலக்கணப்படி இச்சொல் இ, ண், டூ, ர் என்னும் நான்கு எழுத்துகளால் ஆனது. ஒருங்குறியில் இது ஏழு குறியீடுகளாகச் சேமிக்கப்படும்: இகரம், ணகரம், புள்ளி, டகரம், ஊகாரக் குறி, ரகரம், புள்ளி. இவற்றுள் இ, ண, ட, ர ஆகிய நான்கை ஒருங்குறி 'எழுத்து' என வகைப்படுத்துகிறது. இரண்டு புள்ளிகளும் ஊகாரக் குறியும் 'சேர்குறி' என்னும் பிறிதொரு வகையில் வைக்கப்பட்டுள்ளன.

கோ மொழியின் விதிப்படி குறிப்பெயரில் எழுத்து, எண், அடிக்கோடு ஆகியனவே வரலாம், சேர்குறிக்கு இடமில்லை. ஆகவே 'இண்டூர்' என எழுதினால் மூன்றாவது குறியீடாகிய புள்ளியிலேயே நிரல்பெயர்ப்பி பிழை காட்டி நின்றுவிடும். புள்ளியும் உயிர்க்குறியும் இல்லாத தமிழ்ப் பெயர்களே அம்மொழியில் இயலும். 'மரம்' கூடாது, 'படகு' என்பதும், அதன் இறுதி உகரக் குறியால், கூடாது. சேர்குறிகளை விலக்கியது வேண்டுமென்றே செய்த முடிவு என்பதையும், அதனால் தேவநாகரி போன்றவை விலக்கப்படுகின்றன என்பதையும் அம்மொழியின் விளக்கக் குறிப்பே ஒப்புக்கொள்கிறது.

இதன் வேர் எழுத்தைப் பற்றிய கருத்து வேறுபாட்டில் உள்ளது. மெய்யெழுத்து புள்ளியோடு நிற்பதே அதன் இயற்கை என்பது தொல்காப்பியர் கோட்பாடு. ண் என்பது பதினெட்டு மெய்களுள் ஒன்று. அது முதல் எழுத்து. ஒருங்குறியோ ணகர உயிர்மெய்யை அடிப்படை எழுத்தாகவும், புள்ளியை அதன்மேல் ஏறும் குறியாகவும் கொள்கிறது. சேமிப்பு வசதிக்கான இப்பகுப்பை, எது எழுத்து என்பதற்கான வரையறையாக நிரல்மொழி எடுத்துக்கொண்டபோது, தமிழின் முதலெழுத்துகள் முப்பதில் பதினெட்டு, குறிப்பெயரில் வரத் தகாதவை ஆயின.

பைத்தானின் நிலை வேறு. 2008-இல் வெளிவந்த அதன் மூன்றாம் பதிப்பு, ஒருங்குறி தரும் குறிப்பெயர்ப் பரிந்துரையைப் பின்பற்றிச் சேர்குறிகளையும் ஏற்றது. ஆகவே அங்கு 'இண்டூர்' முறையான பெயர். பள்ளி மாணவர் தமிழிலேயே நிரலாக்கம் கற்பதற்கென முத்து அண்ணாமலை உருவாக்கிய எழில் நிரல்மொழி பைத்தானைக் கொண்டே அமைக்கப்பட்டது. ரஸ்ட் மொழியும் 2021-இல் பிற எழுத்துமுறைப் பெயர்களுக்கு இடமளித்தது.

விதியை வாய்பாடாக்கும் முறை

பேரெழுத்து மரபை ரஸ்டும் கோவும் சொல்லும் முறையில் நுட்பமான வேறுபாடு ஒன்று உண்டு. கோ மொழியின் விதி உடன்பாட்டு வாய்பாட்டில் அமைந்தது: புறத்தே புலப்படும் பெயர் பேரெழுத்தில் தொடங்க வேண்டும். தமிழ் எழுத்து எதுவும் பேரெழுத்து அன்று. எனவே, சேர்குறித் தடை நீங்கினாலும், தமிழ்ப் பெயர் தன் தொகுதியை விட்டு வெளியே செல்ல இயலாது. முன்னே ஓர் உரோமப் பேரெழுத்தை ஒட்டுவதே வழி. ரஸ்டின் சோதனை எதிர்மறை வாய்பாட்டில் அமைந்தது: தரவினப் பெயர் சிற்றெழுத்தில் தொடங்குதல் கூடாது. தமிழ் எழுத்து சிற்றெழுத்தும் அன்று. எனவே எச்சரிக்கை எழுவதில்லை. உரோம எழுத்தில் எழுதுவோர்க்கு இவ்விரு வாய்பாடுகளும் ஒரே விளைவையே தருவன. தமிழில் எழுதுவோர்க்கோ ஒன்று கதவை அடைக்கிறது. மற்றொன்று திறந்து வைக்கிறது. ஆகவே, வலியுறுத்த வேண்டுமா என்னும் வினாவோடு எவ்வாய்பாட்டில் வலியுறுத்துவது என்னும் வினாவும் சேர்த்தே கேட்கப்பட வேண்டும்.

உரோம எழுத்தில் ஒன்றாகும் சொற்கள்

பெயர்களை உரோம எழுத்தில் எழுதினால் போதாதா என்னும் வினா இங்கு எழலாம். தமிழ்வழிப் பாடநூல்களிலும் நிரல்கள் பெரும்பாலும் உரோம எழுத்துப் பெயர்களோடே உள்ளன. ஆயின் இருபத்தாறு எழுத்துகளுக்குள் தமிழ்ச் சொற்களை அடக்கும்போது பொருள் வேறுபடுத்தும் ஒலிகள் பல மறைகின்றன. தருமபுரி மாவட்டத்து 'இண்டூர்', மத்தியப் பிரதேசத்து 'இந்தூர்', தெலங்கானாவில் நிசாமாபாத்தின் பழம்பெயராகிய 'இந்தூர்' ஆகியவற்றை உரோம எழுத்தில் எழுதும்போது ணகர டகரங்களுக்கும் நகர தகரங்களுக்கும் உள்ள வேறுபாடு நீங்கி எல்லாம் ஒரே வடிவமாகிவிடுகின்றன.

ஓர் ஊராட்சியின் நூறு நாள் வேலைக் கணக்கைக் கையாளும் நிரலை எடுத்துக்காட்டாகக் கருதலாம். அதில் தோண்டிய 'குழி'யும் கொடுத்த 'கூலி'யும் தனித்தனி மாறிகளாக வேண்டும். உரோம எழுத்தில் இவ்விரண்டையும் வேறுபடுத்த உறுதியான முறை ஏதும் பொதுவழக்கில் இல்லை. 'ஏரி', 'எரி', 'எறி' ஆகிய மூன்றும், 'புளி', 'புலி' ஆகிய இரண்டும் அவ்வாறே மயங்கும். ஒரே நிரலாளர் காலையில் ஒரு முறையிலும் மாலையில் மற்றொரு முறையிலும் எழுதக்கூடும். கணினி அவற்றை இரண்டு மாறிகளாகவே கொள்ளும்.

இம்மயக்கத்தை ஆணையால் தீர்ப்பதும் எளிதன்று. தமிழ்நாட்டின் 1018 ஊர்ப்பெயர்களை ஆங்கிலத்தில் எழுதும்போது தமிழ் ஒலிப்புக்கு ஏற்ப எழுத்துக்கூட்ட வேண்டும் எனத் தமிழ்நாடு அரசு 2020-இல் வெளியிட்ட ஆணை, அதன் எழுத்துக்கூட்டல் குறித்து எழுந்த எதிர்ப்புகளால் அவ்வாண்டு ஜூன் மாதத்திலேயே திரும்பப் பெறப்பட்டது. நோக்கம் ஏற்கத்தக்கதாயினும், நிலைபெற்ற வழக்குக்கு இடமளியாத ஒரே விதியை எல்லாப் பெயர்மேலும் ஏற்றுவது நிலைக்கவில்லை என்பதற்கு இது சான்று.

வழு, வழாநிலை, வழுவமைதி

நன்னூலார் திணை, பால், இடம், காலம், வினா, விடை, மரபு என வழுவை ஏழாகக் கொள்வர். தொல்காப்பியக் கிளவியாக்கமும் இவ்வடிப்படையில் அமைந்ததே. இலக்கணநெறி பிறழாது வருவது வழாநிலை, பிறழ்வது வழு, பிறழினும் ஒரு காரணம் பற்றி ஏற்றுக்கொள்ளப்படுவது வழுவமைதி. உவப்பால் பசுவை 'அம்மை வந்தாள்' என உயர்திணையாற் கூறுவது திணை வழுவே ஆயினும், காரணம் உள்ளமையால் அமைக்கப்படும்.

இக்கோட்பாட்டின் சிறப்பு, சரி, தவறு என்னும் இரண்டோடு நில்லாமல் மூன்றாவது நிலையொன்றை வகுத்ததில் உள்ளது. விதி இல்லாமற் போவதில்லை. மீறலும் காரணமின்றி ஏற்கப்படுவதில்லை. நிரல் கருவிகளின் மூன்று நிலைகளை இதனோடு பொருத்தினால், பைத்தான் மரபு வழுவைக் கண்டும் வாளா இருக்கிறது. கோ மரபு வழுவைத் தொடரிலக்கணப் பிழையாக்கி வழுவமைதிக்கு இடமின்றிச் செய்கிறது. ரஸ்ட் வழுவைச் சுட்டி, காரணம் கண்டு அமைத்துக்கொள்ளும் வாயிலையும் தருகிறது. மூன்றாவதே இலக்கண நெறிக்கு அணுக்கமானது.

விதிகள் காலத்தால் நெகிழ வேண்டும் என்பதற்கும் தமிழ் இலக்கண வரலாறே சான்று. சகரம் அ, ஐ, ஔ ஆகிய மூன்று உயிர்களோடு மொழிக்கு முதலாகாது என்றும், யகரம் ஆகாரத்தோடு மட்டுமே முதலாகும் என்றும் தொல்காப்பியம் வரையறுத்தது. 'யவனர்' என்னும் சொல் சங்கப் பாடல்களிலேயே இடம்பெற்றது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தியார் சகரம் பன்னிரண்டு உயிர்களோடும், யகரம் ஆறு உயிர்களோடும் மொழிமுதலாகும் என விதியை விரித்தார். விதியை மாற்ற ஒரு புதிய நூல் போதுமானதாயிற்று. மரபைத் தொடரிலக்கணத்துள் பதித்துவிட்ட நிரல்மொழிக்கு இவ்வாய்ப்பு அரிது. விதியை மாற்றினால் முன்னர் எழுதப்பட்ட நிரல்களின் பொருளும் மாறக்கூடும்.

தமிழ்க் குறிப்பெயருக்கு வேண்டும் காப்புகள்

மேற்கூறியவற்றால், கருவி எதையும் வலியுறுத்தலாகாது என்னும் முடிவுக்கு வருதல் பொருந்தாது. தமிழ்ப் பெயர்களுக்கே கட்டாயக் காப்பு வேண்டும் இடங்கள் சில உள.

ஒன்று, வடிவ மயக்கம். தமிழ் எண் ௧ ககரத்தையும், ௨ உகரத்தையும், ௭ எகரத்தையும், ௮ அகரத்தையும் ஒத்துத் தோன்றுவன. 'ஏரி௧' எனவும் 'ஏரிக' எனவும் எழுதிய பெயர்கள் கண்ணுக்கு ஒன்றாகவும் கணினிக்கு இரண்டாகவும் இருக்கும். 'கௌரி' என்பதன் ஔகாரக் குறியை எகரக் குறியும் ளகரமுமாகத் தட்டெழுதிக் 'கெளரி' என அமைப்பது இணையத்தில் பரவலாகக் காணப்படும் வழு. ஒகர, ஓகாரக் குறிகளை ஒரே குறியீடாகவும் இரு குறியீடுகளாகவும் எழுதும் வேறுபாட்டை ஒருங்குறியின் இயல்பாக்க முறை ஒன்றாக்கிவிடும். ஔகார, ளகர மயக்கத்தை அது தீர்க்காது. ஒரே தோற்றம் கொண்ட இரு பெயர்கள் ஒரு நிரலில் வருமாயின் கருவி அதை இயல்பிருப்பாகவே சுட்டியாக வேண்டும். இது நடை பற்றியதன்று, பொருள் பற்றியது.

இரண்டு, புணர்ச்சி மயக்கம். ஏரி, கரை என்னும் இரு சொற்கள் சேரும்போது 'ஏரிக்கரை' என வல்லெழுத்து மிகும். அடிக்கோட்டு முறையில் இதை 'ஏரி_கரை' எனவும் 'ஏரிக்_கரை' எனவும் எழுத இடமுண்டு. இம்மூன்றும் கணினிக்கு மூன்று வேறு பெயர்கள். ஆங்கில மரபுகளுள் இதற்கு விடை இல்லை; அம்மொழியில் இச்சிக்கல் எழவில்லை. சேர்த்து எழுதினால் புணர்ச்சி விதிப்படி எழுதுவதும், அடிக்கோடிட்டுப் பிரித்தால் புணர்ச்சியின்றிச் சொற்களின் இயல்பு வடிவத்தை எழுதுவதும் தெளிவான மரபாக அமையும். பின்னதில் ஒவ்வொரு சொல்லும் தனித்து நிற்பதால் தேடுதலும் எளிதாகும். இம்மரபை மீறுவது குழப்பம் தருமேயன்றித் தன்னளவில் பிழையாகாது. எனவே இங்கு எச்சரிக்கை போதும்; மறுப்பு வேண்டா.

மறுப்பும் விடையும்

பிற எழுத்துமுறைகளுக்கு இடமளித்தால் ஏமாற்று நிரல்கள் பெருகும் என்பது ஒரு மறுப்பு. ஒத்த தோற்றமுடைய எழுத்துகளாலும் கண்ணுக்குப் புலனாகாத குறியீடுகளாலும் நிரலின் உண்மைப் பொருளை மறைக்க இயலும் எனக் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர் இருவர் 2021-இல் காட்டியது உண்மையே. அதற்கு மருந்து, மயக்கத்தைக் கண்டு சுட்டுவது. எழுத்துமுறையையே விலக்குவது அன்று. உரோம எழுத்துக்குள்ளேயே சிறிய எல்லும் எண் ஒன்றும் மயங்குவன. அதற்காக உரோம எழுத்தை யாரும் விலக்கவில்லை.

உலகத்தார் கூடி எழுதும் நிரலில் ஒரு பொது எழுத்து வேண்டும் என்பது மற்றொரு மறுப்பு. இது ஏற்கத்தக்கதே. பைத்தானின் அடிப்படைத் தொகுப்பு நூலகங்களில் உரோம எழுத்துப் பெயர்களே வர வேண்டும் என அதன் கையேடும் கூறுகிறது. ஆயின் அது குறிப்பிட்ட குழு தனக்கு வகுத்த விதி. மொழியைப் பயன்படுத்தும் அனைவர்க்கும் உரிய விதி அன்று. தன் ஊர்ப்பெயரையே முதல் மாறியாக இட்டு நிரலாக்கம் பயிலத் தொடங்கும் தமிழ்வழி மாணவருக்கு உலகக் குழுவின் விதி பொருந்த வேண்டிய தேவையில்லை. இயல்பிருப்பு என்பது யாரும் தேர்ந்தெடுக்காத விதி. தொடக்க நிலையில் இருப்போர் அதனை மாற்றும் வழியை அறியார். கருவி பிழை என்றால் தம் பெயரே பிழை எனக் கொள்வர். ஆகவே இயல்பிருப்பை வகுப்போர் பொறுப்பு பிற விதிகளை வகுப்போர் பொறுப்பினும் மிகுதி.

முடிவுரை

பெயரிடு மரபை நிரல் கருவிகள் இயல்பிருப்பாக வலியுறுத்தலாம். ஆனால் எல்லா மரபையும் ஒரே வலிமையோடு வலியுறுத்தலாகாது. பொருளைத் திரிக்கும் வடிவ மயக்கத்தைக் கருவி இயல்பாகவே தடுக்க வேண்டும். படிப்போர் வசதிக்கான மரபை எச்சரிக்கையாகச் சுட்டி, காரணம் உள்ளவிடத்து விலக்கும் வாயிலையும் தர வேண்டும், இதுவே வழுவமைதி. பேரெழுத்து, சிற்றெழுத்து போன்ற, ஓர் எழுத்துமுறைக்கே உரிய இயல்பை எல்லா மொழிக்கும் பொது விதியாக்குதல் தவிர்க்கப்பட வேண்டும்; ஆக்க நேரின் அவ்விதி எதிர்மறை வாய்பாட்டில் அமைதல் வேண்டும். புள்ளி பெற்ற மெய் ஓர் எழுத்து என்பதை நிரல்மொழிகளின் குறிப்பெயர் வரையறை ஏற்க வேண்டும்.

இவற்றுள் முதல் மூன்றும் கருவி அமைப்போர் பணி. தமிழ்க் குறிப்பெயர்களுக்கான பெயரிடு மரபை வகுப்பதோ தமிழ் ஆய்வுலகின் பணி. புணர்ச்சி, ஒற்று மிகுதல், எண்ணும் எழுத்தும் மயங்குதல் ஆகியவற்றை அறிந்த தமிழ் இலக்கண அறிஞரும் நிரலாளரும் கூடி அம்மரபை எழுத்தில் வைத்தாலன்றி, கருவிகள் எதனைக் காக்க வேண்டும் என்பதை அவற்றை ஆக்குவோர் அறிய வழியில்லை.